மறு: "சிங்கிள் ஆக்‌ஷன்": ஒற்றைச்செயலா, கைக்குதிரையா?

அன்புள்ள குழுவினருக்கு,

"சிங்கிள் ஆக்‌ஷன்" என்ற ரிவால்வர் வகைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சுக்கு என் பதில்.

> "ஒற்றைச்செயல் சுழல்துப்பாக்கி" என்றே வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது, புரியவில்லை. துப்பாக்கி பற்றி ஒன்றும் அறியாத என் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு தடவைதான் சுடுமா?" என்றான். ஆறு தோட்டா போடுகிற கருவிக்கு இப்படியொரு பெயர்!

எந்தச் செயல் ஒற்றை என்பதில்தான் சிக்கல். 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியைப் பாருங்கள். (எனக்கு மிகப் பிடித்த ரிவால்வர், இந்தச் சொல்லைத் தேடிப் போனதே அதனால்தான்.) அதில் விசைக்கு (விரலால் இழுக்கும் ட்ரிக்கர்) ஒரே வேலை: தூக்கி நிற்கும் குதிரையை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியை, விடுவிப்பது. தூக்குவது கட்டைவிரல். தூக்கும்போதே தோட்டாக்கள் இருக்கும் உருளையும் அடுத்த அறைக்குத் திரும்பிவிடும். டபுள் ஆக்‌ஷனில் விசையை இழுத்தாலே தூக்குவதும் விடுவதும் நடந்துவிடுகிறது. ஆக, குதிரையைத் தூக்குவது எது என்பதுதான் வேறுபாடு. என் பரிந்துரை: கைக்குதிரை, விசைக்குதிரை.

> குதிரை என்றால் ட்ரிக்கர் அல்லவா?

பேச்சில் இரண்டுக்கும் சொல்கிறார்கள். விசை என்று நல்ல சொல் இருக்கும்போது, குதிரையைச் சுத்திக்கே விட்டுவிடுவோம். கிளைச்சொற்களும் எளிதாக வரும். கோல்ட்டில் குதிரையைப் பாதி தூக்கி நிறுத்தினால்தான் உருளை தடையின்றிச் சுற்றும்; வலப்பக்கச் சிறுகதவைத் திறந்து தோட்டாவை ஒவ்வொன்றாகப் போடலாம். அது அரைத்தூக்கு. சுடத் தயாரான நிலை முழுத்தூக்கு. "ஒற்றைச்செயல்" இப்படிக் குட்டி போடாது.

> கார்ட்ரிட்ஜ்: தோட்டா / குண்டு / ரவை?

தோட்டா. குண்டு என்பது அதிலிருந்து பறந்து போகிற ஈயம் மட்டும். ஈழ நண்பர்கள் ரவை என்பார்கள். எங்கள் பக்கம் அது சிதறுகுண்டு, இல்லையேல் உப்புமா.

தோட்டாக்களின் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். எனக்குப் பிடித்த 44-40இல் பெயரே விவரம்: 44 என்பது குண்டின் பெயரளவு விட்டம், அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கில், 40 என்பது கரிமருந்தின் எடை, கிரெயின் கணக்கில் (சுமார் 2.6 கிராம்). வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 ரைஃபிளுக்காக வந்தது. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனமும் இதற்கு ரிவால்வர் செய்தது. இடுப்பில் ஒரே தோட்டாப் பட்டை, இரண்டு துப்பாக்கிக்கும் போதும். அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட 45 கோல்ட் தோட்டாவுக்கு அன்று அப்படியொரு ஜோடி ரைஃபிள் இல்லை. என் ஓட்டு அதனால்தான் 44-40க்கு.

---

ஐயா, கைக்குதிரை அழகு. ஆனால் டபுள் ஆக்‌ஷன் பலவற்றில் கட்டைவிரலாலும் தூக்கலாமே? "விசைக்குதிரை" அங்கே பொய்யாகிறதே.

---

உண்மைதான், அதை யோசிக்கவில்லை. அப்படியானால் டபுள் ஆக்‌ஷன் இருவழிக்குதிரை. விசையால் மட்டுமே இயங்கும் வகைக்கு விசைக்குதிரை இருக்கட்டும். கைக்குதிரையை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.