பெய்ஜிங்கில் ஒரே பகல்: அம்மாவோடு போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவோடு கப்பலில் போகிறேன். தியான்ஜின் துறைமுகத்தில் காலை 7 மணிக்கு இறங்கினால் மாலை 7-க்குள் திரும்பிவிட வேண்டும். பெய்ஜிங்குக்குச் சாலையில் போக மட்டுமே இரண்டரை மணி நேரமாவது ஆகும் என்கிறார்கள். பெருஞ்சுவரை மனசில்லாமல்தான் விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு அரண்மனை நகரத்தை, அதாவது 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டும். 1420-ல் கட்டி முடித்தது, மிங், சிங் வம்சப் பேரரசர்கள் இருந்த இடம். பழைய காலண்டரில் வந்த அந்த மஞ்சள் ஓட்டுக் கூரைப் படத்தைக் கத்தரித்துப் பூஜை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

திங்களன்று அங்கே விடுமுறை. நாங்கள் இறங்குவது செவ்வாய், அந்த மட்டும் நிம்மதி. பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்யவேண்டும் என்பதும் தெரியும். என் கவலை நடைதான். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கே வெளியேற ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி.

உள்ளே சக்கர நாற்காலி கிடைக்குமா? படிக்கட்டு இல்லாத வழி உண்டா? அப்புறம், காரை வடக்கு வாசல் பக்கம் வரச் சொல்ல முடியுமா? போய் வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.