ஜெமினி கணேசனின் நளினம் நடிப்பா, இயல்பா?

கேள்வி: கொட்டகலை மழை

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவையில் என் அம்மாயியின் வீட்டில் இரண்டு வாரம் தங்க நேர்ந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததால் வெளியே எங்கும் போக முடியவில்லை. ஆகவே நாளுக்கு ஒரு பழைய படம் என்று கணக்கு வைத்துக்கொண்டு இருவருமாகப் பார்த்தோம். சிவாஜி பேசத் தொடங்கினால் அம்மாயி வாய் திறக்கமாட்டார். எம்.ஜி.ஆர். சண்டையிட்டால் பாயில் உட்கார்ந்தபடியே தாமும் கையை வீசுவார். ஜெமினி கணேசன் வந்தால் மட்டும் முந்தானையைச் சரிசெய்து, நரைத்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொள்கிறார். அவருக்கு வயது எண்பத்திரண்டு.

எனக்கோ அந்த மனிதர் திரையில் எதையுமே செய்யாதவர் போலத்தான் தோன்றுகிறது. வாள் பிடித்தால் நம்பும்படி இல்லை, நீண்ட வசனங்களும் இல்லை, பாட்டு இன்னொருவருடைய குரல். அப்படியிருந்தும் மக்கள் திலகம், நடிகர் திலகம் என்ற வரிசையில் மூன்றாவதாகக் காதல் மன்னன் என்று அவரையும் சேர்த்துத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இடம் முகவெட்டுக்குக் கிடைத்ததா, நடிப்புக்குக் கிடைத்ததா? அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேள்விப்படுவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? அந்தக் காலத்துப் படங்களைப் படமாளிகையில் பார்த்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: பண்டாரவளை ஆசிரியர், ஓய்வு

தம்பி, எதையுமே செய்யாதவர் போலத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தோன்றவைப்பதுதான் அவருடைய தொழில் என்பது என் கட்சி.

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து வளர்ந்தவர்கள். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி பேசவும், அவனுக்கும் தெரியும்படி கையை உயர்த்தவும் பழகிய உடம்புகள் அவை. ஜெமினி வந்த வழி வேறு. 1920 நவம்பர் 17 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவருக்கு அத்தை முறை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படித்து, அங்கேயே சிறிது காலம் கற்பித்துவிட்டு, 1947 இல் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். நடிக்க வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. மேசைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, எதிரே நின்று உருகியும் கர்ச்சித்தும் காட்டியவர்களைப் பார்த்துப் பார்த்து, எதைச் செய்யக்கூடாது என்பதை அவர் அங்கேதான் கற்றிருப்பார் என்று நான் நினைப்பதுண்டு. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், வாத்தியார் புத்தி. சிறு வேடங்கள் சில, 1952 இல் ‘தாய் உள்ளம்’ படத்தில் வில்லன், அடுத்த ஆண்டு ‘மனம் போல மாங்கல்யம்’ படத்தில் கதாநாயகன் என்று மெதுவாகத்தான் மேலே வந்தார். அதற்குள் இன்னொரு கணேசன் பராசக்தியில் பெரும்புகழ் பெற்றுவிட்டதால், இவர் தாம் வேலை பார்த்த இடத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

1955 இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வைப் பாருங்கள். வேலை கிடைக்காத இரண்டு படித்தவர்கள், ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவி போல நடிக்கிறார்கள். சாவித்திரி சீறுகிறார், இவர் பதில் சொல்லாமல் ஒரு கணம் தயங்கிப் பார்க்கிறார். அந்தத் தயக்கத்தில்தான் அத்தனை சிரிப்பும் இருக்கிறது. எதிரே இருப்பவர் பேசும்போது காதுகொடுத்துக் கேட்கிற கதாநாயகனைத் தமிழ்த் திரையில் எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.

இனி எங்கள் மலைநாட்டுச் சங்கதி ஒன்று. நான் பிறந்த தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வீட்டில் மட்டுமே வானொலிப் பெட்டி இருந்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அந்த வீட்டு இஸ்தோப்பின் (முன்திண்ணையின்) ஓரத்தில் நின்று இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் இரண்டு பாட்டையாவது கேட்டுவிட்டுத்தான் தங்கள் லயத்து வீடுகளுக்குப் போவார்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி, பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் வழியிலேயே காதில் விழும். படம் பார்க்க வேண்டுமானால் பேருந்துச் செலவும் வேண்டும், ஒரு நாள் சம்பளமும் போகும். ஆகவே எங்களில் பலர் ஜெமினியைப் பார்ப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கேட்டுவிட்டோம், கேட்டது ஏ.எம்.ராஜாவையும் பிறகு பி.பி.ஸ்ரீநிவாசையும்தான் என்றாலும், அந்த மென்மையான குரலுக்கு ஒரு முகத்தை மனத்தில் வரைந்துவைத்திருந்தோம். பிறகு படமாளிகையில் அவர் வாயைத் திறந்து வசனம் பேசியபோது, பாடிய குரலுக்கும் பேசிய குரலுக்கும் இடையில் பள்ளமே இல்லை. குரல் இரவல் என்று நீங்கள் குறையாகச் சொல்வதை நான் திறமையாக எண்ணுகிறேன். ‘பாவ மன்னிப்பு’ படத்தில் சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாடுகிறார், ஜெமினிக்கு ஸ்ரீநிவாஸ் ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாடுகிறார். அந்தக் காட்சியில் ஜெமினி கழுத்து நரம்பு புடைக்கவிடாமல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பது போல வாயசைப்பதைக் கவனியுங்கள்.

மறுமொழி: நாவலப்பிட்டிக்காரன்

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். எங்கள் ஊரில் பிறந்த எம்.ஜி.ஆரைப் பற்றி நாலு வார்த்தை வரும் என்று இறங்கி இறங்கிப் படித்தேன். நாடகக் கம்பெனியோடு நிறுத்திவிட்டீர்கள். தோட்டத்தில் துரையிடமும் கங்காணியிடமும் பேச்சு வாங்கிவிட்டு வருகிறவன், பண்ணையாரைச் சாட்டையால் அடிக்கிறவரைத்தான் பார்க்கப் போவான். நிலா வெளிச்சத்தில் மெதுவாகப் பேசுகிறவர் கிளாக்கர் குவாட்டர்ஸில் இருந்தவர்களுக்குத்தான் ஏற்றவர். நாங்கள் அவரைச் சாம்பார் என்றுதான் சொல்வோம். தமிழ்நாட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனாலும் நியாயம் நியாயம்தான். ‘பாசமலர்’ படத்தில் முதலாளியாகிவிட்ட சிவாஜிக்கு எதிரே தொழிலாளர் பக்கம் நின்று பேசுகிறவர் ஜெமினிதான். தொழிற்சங்கத்தில் இருந்த என் தகப்பனார் அந்த ஒரு படத்துக்காக அவரை மன்னித்திருந்தார். சத்தம் போடாமல் பேச்சுவார்த்தை நடத்துகிறவன்தான் கடைசியில் சம்பளத்தைக் கூட்டி வாங்குவான் என்பது அவர் கட்சி.

மறுமொழி: ஊவாவாசி

கேள்வி கேட்டவரின் இரண்டாம் பகுதியை இருவருமே தொடாமல் போய்விட்டீர்கள், ஆண்கள் பொதுவாகப் போகிற மாதிரியே. நான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அவருக்கு 1940 இல் அலமேலுவுடன் திருமணம் நடந்தது. பிறகு புஷ்பவல்லியுடன் ஒரு குடும்பம். இந்தி நடிகை ரேகா அந்த வழியில் பிறந்தவர். பிறகு சாவித்திரி. அந்த நடிகையின் கடைசிக் காலத்துத் துயரமும் 1981 இல் அவர் இறந்ததும் தெரியாதவர்கள் இங்கே இருக்கமாட்டார்கள். இதையெல்லாம் மன்மத லீலை என்று சிரித்துக்கொண்டே சொல்வதும், கலைஞர்களின் வாழ்க்கை அப்படித்தான் என்று தள்ளிவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. அதே சமயம், அவர் திரையில் காட்டிய மென்மை பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். மென்மையான மனிதன் தீங்கு செய்யமாட்டான் என்று நாம் எண்ணிக்கொண்டதுதான் பிழை. அவருடைய நல்ல படங்கள் அப்படி எங்கேயும் சொல்லவில்லை.

ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ 1959 இல் வந்தது. மிதிவண்டியில் பாடிக்கொண்டு போகிற அந்த முதல் பாதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிற்பாதியில் என்ன நடக்கிறது? காதலித்த பெண் தன் அக்காவுக்காக விட்டுக்கொடுக்கச் சொல்கிறாள். அவன் மறுக்கத் தெரியாமல் அக்காவை மணக்கிறான். மணந்த பிறகும் மனம் பழைய இடத்திலேயே நிற்கிறது. அவன் யாரையும் ஏசவில்லை, அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. இருந்தும் இரண்டு சகோதரிகளின் வாழ்க்கையும் அவனுடைய நல்ல குணத்தாலேயே நாசமாகிறது. கதையை எழுதியவர் அதைத் தியாகம் என்று நினைத்திருக்கலாம். நான் பார்த்தபோது, ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் நாகரிகமாகத் தலைகுனிந்துகொண்ட ஒருவனைத்தான் கண்டேன், அப்படிப் பார்க்க இடம் தருவது ஜெமினியின் முகம். வேறு யாராவது நடித்திருந்தால் அழுது கண்ணீர் வடித்து நம் வாயை அடைத்திருப்பார்கள்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் கே.பாலசந்தர். 1969 இல் வெளிவந்த ‘இரு கோடுகள்’ படத்தில் ஜெமினி ஒரு அலுவலகக் குமாஸ்தா. அவன் முன்பு மணந்து பிரிந்த பெண், கலெக்டராக அதே அலுவலகத்துக்கு வந்து சேர்கிறாள். வீட்டில் இருக்கிற மனைவிக்கோ இது எதுவும் தெரியாது. சௌகார் ஜானகியும் ஜெயந்தியும் எதிரெதிரே நிற்க, நடுவில் இவர் கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் போய்வருகிறார். காதல் மன்னனின் கையில் இருந்த அதிகாரம் எல்லாம் பறிபோய், வெறும் சங்கடம் மட்டும் மிஞ்சுகிறது. இப்படி ஒரு வேடத்தை ஏற்க அந்த வரிசையில் இருந்த மற்ற இருவரும் சம்மதித்திருப்பார்களா என்று நாவலப்பிட்டிக்காரர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

ஐந்து ஆண்டு கழித்து அதே இயக்குநர் எடுத்த ‘நான் அவனில்லை’ இன்னும் ஒரு படி போகிறது. பல பெயர்களில் பல பெண்களை ஏமாற்றியவன் நீதிமன்றக் கூண்டில் நின்றுகொண்டு, அவர்கள் சொல்கிறவன் தான் இல்லை என்று சாதிக்கிறான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நடை, ஒரு பேச்சு, ஒரு புன்னகை. இருபது வருடமாகப் பெண்கள் பார்த்து மகிழ்ந்த அந்தப் புன்னகையே அங்கே சாட்சிப் பொருளாகிவிடுகிறது. படத்தைத் தயாரித்தவர் வேறு யாருமல்லர், ஜெமினியேதான். தம்மைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று தெரிந்த ஒருவர், தம் கவர்ச்சியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற படத்துக்குச் சொந்தப் பணத்தைப் போட்டிருக்கிறார். துணிச்சலா, திமிரா என்று எனக்கு இன்னமும் தீர்மானிக்க முடியவில்லை. அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது.

ஆகவே வாழ்க்கையைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டால், அவரே சேர்த்துவிட்டார் என்பதுதான் என் பதில்.

கேள்வி கேட்டவர்: கொட்டகலை மழை

மிக்க நன்றி. ஊவாவாசி அக்கா சொன்ன கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். இதெல்லாம் இயக்குநர்களின் கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லலாம் அல்லவா? தயங்குகிற முகம் ஒன்று கிடைத்தது, அதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று. வயதான பிறகு, அழகு போன பின்னால் அவர் நடித்த படங்களைப் பார்த்தால் இது தெளிவாகுமா? நாவலப்பிட்டி அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மாயி வீட்டுச் சுவரில் இன்றைக்கும் இருக்கிற படம் உங்கள் ஊர்க்காரருடையதுதான்.

மறுமொழி: பண்டாரவளை ஆசிரியர், ஓய்வு

சரியான கேள்வி. 1988 இல் வந்த ‘உன்னால் முடியும் தம்பி’யைப் பாருங்கள். பிலஹரி மார்த்தாண்டம் பிள்ளை என்ற சங்கீத வித்துவான். ஆசாரமும் பிடிவாதமும் நிறைந்த தகப்பன். காதல் மன்னனின் சாயல் துளிகூட இல்லாத வேடம். அங்கேயும் அவர் கத்தவில்லை. மகனாக வரும் கமல்ஹாசனைப் பார்க்கிற ஒரு பார்வையிலேயே வீடு முழுவதும் குளிர்ந்துபோகிறது. தெலுங்கில் ‘ருத்ரவீணை’யிலும் அந்தத் தகப்பன் வேடத்தை அவர்தான் செய்தார். முன்பு கனிவுக்குப் பயன்பட்ட அதே அடக்கம் இங்கே இறுக்கத்துக்குப் பயன்படுகிறது. இது இயக்குநர் கொடுத்து வருவதில்லை, தம்பி.

கமல் முதன்முதலில் குழந்தையாக நடித்த ‘களத்தூர் கண்ணம்மா’வில், 1960 இல், அவருடைய தகப்பனாக வந்தவரும் ஜெமினிதான். முப்பத்தாறு வருடம் கழித்து ‘அவ்வை சண்முகி’யில், மாமி வேடமிட்ட அதே கமலிடம் மயங்கிக் குழைகிற முதியவராக வருகிறார்! தம் காதல் மன்னன் பட்டத்தைத் தாமே கேலி செய்கிற வேடம். எழுபத்தைந்து வயதிலும் கோட்டின் மடிப்புக் கலையாமல் செய்திருக்கிறார். 2005 மார்ச் 22 அன்று அவர் காலமான செய்தியை வானொலியில் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முதியவரின் வெட்கச் சிரிப்புத்தான்.

கேள்வி கேட்டவர்: கொட்டகலை மழை

நேற்று மாலை அம்மாயியைத் தொலைபேசியில் அழைத்து, இங்கே நடந்த பேச்சை எல்லாம் சொன்னேன். ‘இரு கோடுகள்’ பற்றி ஊவாவாசி அக்கா எழுதியதை அப்படியே வாசித்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தப் படத்துக்கு நான் பொகவந்தலாவையில இருந்து ஹட்டனுக்கு ரெண்டு தடவ போனேன். கலெக்டரம்மா நாக்காலியில உக்கார்ற அழகப் பாக்கத்தான். அவன யாரு பாத்தா?”