336 மிமீ கிராபிக்ஸ் கார்டும் இரண்டு ஹார்ட் டிஸ்கும் கொள்ளும் கம்ப்யூட்டர் கேபினட்: எதைப் பார்த்து எடுப்பது?

பழையபெட்டி:
வணக்கம். கேபினட் மட்டும்தான் மாற்றுகிறேன், உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே புதுப் பெட்டிக்குப் போகும். ஏடிஎக்ஸ் (வழக்கமான முழு அளவு) மதர்போர்டு. பிராசசரின் மேல் 158 மிமீ உயர டவர் கூலர். கிராபிக்ஸ் கார்டு 336 மிமீ நீளம், 140 மிமீ அகலம், மூன்று ஸ்லாட் தடிமன், பக்கவாட்டில் 16 பின் பவர் கனெக்டர். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 160 மிமீ, முழு மாடுலர் (எல்லாக் கேபிளையும் கழற்றலாம்). 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இரண்டு.

இப்போதுள்ள பெட்டியின் முகப்பு முழுக்க மூடிய பிளாஸ்டிக். பக்கக் கதவைக் கழற்றினால் கார்டின் வெப்பம் 9 டிகிரி இறங்குகிறது.

மூன்று வகை கண்ணில் இருக்கிறது. மெஷ் (வலை) முகப்பு மிட் டவர் (கார்டுக்கு 380 மிமீ, கூலருக்கு 170 மிமீ என்று போட்டிருக்கிறது). முன்னும் பக்கமும் கண்ணாடி வைத்த இரட்டை அறைப் பெட்டி. கதவுகளில் ஸ்பாஞ்ச் ஒட்டிய 'சத்தமில்லா' வகை. எதை எடுக்கலாம், எத்தனை ஃபேன் வேண்டும்? பிற்பாடு முகப்பில் நீர்க் கூலரின் 360 ரேடியேட்டர் வைக்க இடம் கிடைக்குமா?

அளவுகோல்:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் பலர் தடுக்கி விழுவது அங்கேதான். அந்த 380 மிமீ பெரும்பாலும் முகப்பில் ஒன்றுமே இல்லாதபோது உள்ள அளவு. ஃபேன் தடிமன் 25 மிமீ. கழித்தால் 355, உங்கள் கார்டு உட்காரும், 19 மிமீ மிச்சம். ரேடியேட்டர் வைத்தால் அதன் தடிமன் 27, ஃபேன் 25, மொத்தம் 52 போகும். மிஞ்சுவது 328. எட்டு மில்லிமீட்டரில் கார்டு இடிக்கும். சில பெட்டிகளில் ஃபேனைச் சட்டத்துக்கு வெளியே, மெஷ்ஷுக்குப் பின்னால் மாட்டலாம். அப்போது ரேடியேட்டர் தடிமன் மட்டும்தான் கழியும், கார்டு தப்பிக்கும். கையேட்டின் படத்தைப் பாருங்கள், விளம்பரப் பக்கத்தை நம்பாதீர்கள்.

மேற்கூரையில் வைப்பதானால் இரண்டு அளவு. மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் இடையில் 55 மிமீயாவது வேண்டும், இல்லையென்றால் ராம் தலையோ ஹீட்சிங்க்கோ முட்டும். அடுத்து, 360 என்பது மூன்று ஃபேன்களின் கூட்டு நீளம்தான். இரு முனைத் தொட்டியும் சேர்ந்து ரேடியேட்டர் ஏறத்தாழ 395 மிமீ வரும்.

யாரும் கேட்காத ஒன்று: கார்டின் அகலம். 16 பின் கேபிளை கனெக்டரிலிருந்து 35 மிமீ நேராக விட்டுத்தான் மடக்க வேண்டும். 140 உடன் 35 கூட்டினால் 175. கூலருக்கு 170 தருகிற பெட்டியில் கூலர் சுகமாக நிற்கும், ஆனால் கண்ணாடி இந்தக் கேபிளை அழுத்தும். வேரில் வளைந்த கனெக்டரில் பின்கள் சரியாகப் பற்றாமல் சூடேறி உருகும். தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் உங்களுக்கு, கூலருக்கு 180 தரும் பெட்டியே நல்லது.

கீழ் அறையில் எஸ்எம்பிஎஸ் 160, மாடுலர் கேபிள் மடங்க இன்னொரு 60. ஹார்ட் டிஸ்க் கூண்டு அதற்கு அப்பால்தான் தொடங்க வேண்டும். கூண்டை நகர்த்தித் திருக முடிகிறதா என்று பாருங்கள். ரிவெட் அடித்த கூண்டு வேண்டவே வேண்டாம்.

ஊதல்காற்று:
அந்த 9 டிகிரி பக்கக் கதவைக் கழற்றியபோது வந்தது. இப்போது கதவை மூடி முகப்பை மட்டும் கழற்றிப் பாருங்கள். ஏறக்குறைய அதே அளவு இறங்கினால் உள்ளே வரும் காற்றுதான் போதவில்லை, வெளியேற்றும் ஃபேனைக் கூட்டிப் பயனில்லை.

என் தேர்வு மெஷ். 'சத்தமில்லா' பெட்டியின் ஸ்பாஞ்ச் சத்தத்தை ஓரளவு மழுக்கும், ஆனால் காற்று குறைவதால் ஃபேன்கள் வேகமெடுக்கும். மூன்று ஸ்லாட் கார்டுக்கு அது சரிப்படாது. இரட்டை அறைப் பெட்டியில் முன்பக்கம் கண்ணாடி என்பதால் காற்று கீழிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் வர வேண்டும். அடியில் ஃபேன் வைக்காமல் அதை ஓட்டினால் பழைய பெட்டியும் அதுவும் ஒன்றுதான். வைத்தால் கார்டுக்கு நேராகவே குளிர்காற்று கிடைக்கும், அதை மறுக்கவில்லை.

ஃபேன் எண்ணிக்கை: முன்னால் 140 மிமீ இரண்டு, பின்னால் ஒன்று. அதோடு ஆரம்பியுங்கள். கூரையில் முன்பக்கத் துளையில் வெளியேற்றும் ஃபேன் மாட்டாதீர்கள். முகப்பிலிருந்து வந்த குளிர்காற்று கூலரைத் தொடுவதற்கு முன்பே அது உறிஞ்சி மேலே தள்ளிவிடும். உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் தூசி வடிகட்டி வழியாக மட்டுமே காற்று நுழையும், இடுக்குகளில் தூசி படியாது.

திசை தெரியாவிட்டால்: நடு மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

பழையபெட்டி:
நன்றி. முகப்பைக் கழற்றினால் 8 டிகிரி இறங்கியது, ஆக மெஷ்தான். இன்னும் இரண்டு. புதுப் பெட்டியில் முன்பக்கம் டைப்-சி இருக்கிறது, என் மதர்போர்டில் அதற்கான சின்ன கனெக்டர் இல்லை. கூட வரும் ஃபேன்களில் மூன்று பின் ஏஆர்ஜிபி (வண்ண விளக்கு) வயர் உள்ளது, போர்டில் இருப்பதோ நான்கு பின் ஆர்ஜிபி. எப்படியாவது சொருகலாமா?

திருப்புளி:
சொருகாதீர்கள்! மூன்று பின் வகை 5 வோல்ட், நான்கு பின் வகை 12 வோல்ட். தப்பாகக் கொடுத்தால் விளக்கு அந்த நொடியே போய்விடும். சாட்டா பவர் எடுக்கும் தனிக் கன்ட்ரோலர் போடுங்கள், இல்லாவிட்டால் இருட்டிலேயே ஓடட்டும், குளிர்ச்சி குறையாது.

மாற்றும்போது வரிசை முக்கியம். போர்டைத் தாங்கும் குட்டித் தூண்களான ஸ்டாண்டாஃப் முதலில். ஏடிஎக்ஸ் போர்டில் வழக்கமாக ஒன்பது துளை. போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்டாஃப் நின்றாலும் அது பின்பக்கச் சாலிடரைத் தொட்டு ஷார்ட் ஆகும், கம்ப்யூட்டர் உயிர்பெறாது. அடுத்து, தனியாக வரும் ஐஓ ஷீல்டு (போர்டின் பின்பக்கத் துளைகளைச் சூழும் தகடு) என்றால் அதை இப்போதே பெட்டியில் அழுத்துங்கள். போர்டைத் திருகி முடித்த பிறகுதான் பலருக்கு அது நினைவுக்கு வரும்.

பிராசசருக்கான எட்டு பின் கேபிளை போர்டை வைக்கும் முன் மேல் இடது மூலைத் துளை வழியாக இழுத்து வைத்துவிடுங்கள். கூலரும் போர்டும் வந்தபின் அங்கே விரல் போகாது.

ஸ்க்ரூக்களைப் பிரித்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ், பெட்டியின் மூடி ஆகியவற்றுக்கு 6-32 எனும் பெருமரை. 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு எம்3 நுண்மரை. போர்டுக்குப் பெரும்பாலும் 6-32, ஆனால் எம்3 ஸ்டாண்டாஃப் தரும் பெட்டிகளும் உண்டு. பெருமரையை எம்3 துளையில் முறுக்கினால் மரை தேய்ந்து ஸ்டாண்டாஃபே சேர்ந்து சுழலும், பிறகு போர்டைக் கழற்றவே பாடுபட வேண்டும். கையால் இரண்டு சுற்று தானாக இறங்காத ஸ்க்ரூ தப்பான ஸ்க்ரூ.

முன் பேனலில் பவர் சுவிட்ச், ரீசெட் வயர்களுக்குத் திசை கிடையாது. எல்இடிக்கு மட்டும் ப்ளஸ் மைனஸ் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் கதவைக் கழற்றினால் டைல்ஸ் தரையில் நிறுத்தாதீர்கள். மூலை இலேசாகத் தட்டினாலும் முழுக் கண்ணாடியும் பொடியாகும். பெட்டி வந்த அட்டையின் மேல் படுக்க வையுங்கள்.

மாடுலர் கேபிள்களில் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸுடன் வந்தது மட்டும். எஸ்எம்பிஎஸ் முனையின் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. வேறு மாடலின் சாட்டா கேபிள் அழகாகப் பொருந்தும், இரண்டு ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து எரிக்கும்.

அளவுகோல்:
டைப்-சிக்கு: போர்டில் உள்ள 19 பின் யூஎஸ்பி 3 ஹெடரிலிருந்து (கேபிள் சொருகும் முனை) மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் வேகம் 5 ஜிபிபிஎஸ் மட்டுமே. ஒரே ஹெடர் இருந்தால் முன்பக்கச் சாதா யூஎஸ்பி 3 துளைகள் செத்துவிடும். அதற்குப் பதில் டைப்-சி வயரை அப்படியே சுருட்டிக் கட்டிவிடலாம். உண்மையிலேயே தேவைப்பட்டால், அந்த ஹெடர் உள்ள பிசிஐஇ கார்டு போடுங்கள், ஆனால் மூன்று ஸ்லாட் கார்டுக்குக் கீழே எந்த ஸ்லாட் மிஞ்சுகிறது என்று முதலில் எண்ணுங்கள்.

ஊதல்காற்று கூரை ஃபேன் பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம். முன்பக்கத் துளைக்குத்தான் அது பொருந்தும். பின்பக்கத் துளையில், கூலருக்கு நேர் மேலே ஒன்று வைத்தால் கார்டிலிருந்து ஏறும் சூடு தேங்காமல் போகும். முன்னால் இரண்டு 140 இருப்பதால் சமநிலையும் பெரிதாகக் கெடாது.

ஃபேன்களை ஹப் (பல ஃபேன்களுக்கான பகிர்வுப் பலகை) இல்லாமல் ஒரே ஹெடரில் பிரித்து மாட்டினால், ஃபேனின் நடுவில் ஒட்டிய தாளில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். ஹெடரின் வரம்பு பெரும்பாலும் 1 ஆம்பியர். பிரிப்பானில் ஒரு ஃபேனின் வேகம்தான் பயாஸில் தெரியும், மற்றது நின்றுபோனாலும் எச்சரிக்கை வராது.

பழையபெட்டி:
கார்டுக்குக் கீழே ஒரு எக்ஸ்1 ஸ்லாட் மிஞ்சுகிறது, ஆனால் கார்டின் ஃபேனுக்கு 12 மிமீ கூட இடைவெளி இல்லை. டைப்-சியைச் சுருட்டிக் கட்டிவிடுகிறேன். கூலருக்கு 182 மிமீ தரும் மெஷ் பெட்டி ஒன்று கிடைத்தது, கூண்டு நகர்கிறது. அதன் கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.