பழைய சார்ஜரில் கார் பேட்டரிக்கு வீட்டிலேயே சார்ஜ் போடலாமா?

கேள்வி (தென்காசி):

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட ஆல்டோ ஏழு வாரமா ஷெட்டுல நிக்குது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதுல இருந்து யாரும் எடுக்கல. நேத்து சாவியைத் திருப்பினா செல்ஃப் எடுக்கல. டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, மீட்டர் லைட் மங்கி அணைஞ்சு போகுது. வியாழக்கிழமை அப்பாவைத் திருநெல்வேலிக்குச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும்.

பேட்டரி 35 ஏ.எச். (ஆம்பியர் அவர், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு), மூடி திறந்து தண்ணி ஊத்துற வகை. மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன், 11.6 வோல்ட் காட்டுது. சித்தப்பா அவர்கிட்ட இருந்த பழைய சார்ஜரைக் குடுத்திருக்கார். கனமான இரும்புப் பெட்டி, முகப்புல ஆம்பியர் முள், 6 வோல்ட் 12 வோல்ட்னு ஒரு சுவிட்ச், லோ ஹைனு இன்னொண்ணு. தானா கட் ஆகாதாம். மழை விடாம பெய்யுறதால பேட்டரியைக் கழட்டி அடுக்களைல வச்சு ராத்திரி முழுக்கப் போட்டுடலாம்னு இருக்கேன். பக்கத்து வீட்டு அண்ணன், வீட்டு இன்வெர்ட்டர்ல மாட்டினா சீக்கிரம் ஏறிடும்ங்கறார். எது சரி?

பதில் 1:

தங்கச்சி, அடுக்களை வேண்டவே வேண்டாம். ராத்திரி முழுக்கவும் வேண்டாம். நான் பேட்டரி கடையில 22 வருஷமா இருக்கேன், அதனால இவ்வளவு அழுத்தமா சொல்றேன்.

சார்ஜ் ஏற ஏற பேட்டரிக்குள்ள இருக்கற தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் வாயு வரும். காத்துல அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அடுக்களைல ஸ்டவ் இருக்கு, ஃபிரிட்ஜ் இருக்கு. சாயங்காலம் விளக்கேத்துவீங்க, ஊதுபத்தி கொளுத்துவீங்க. அந்த வாயு காத்தைவிட லேசு, மூடின அறையில மேல போய்த் தங்கிடும். ஷெட்டுலயே சாரல் படாத மூலையில, கதவைத் திறந்து போட்டு, ஒரு மரப்பலகை மேல வச்சு சார்ஜ் போடுங்க. சார்ஜர் பெட்டியைப் பேட்டரிக்கு மேல வைக்காதீங்க, ஒயர் எவ்வளவு தூரம் வருதோ அவ்வளவு தள்ளி வைங்க.

கழட்டும்போது முதல்ல மைனஸ். 10 நம்பர் ஸ்பேனர் போதும். பிளஸ்ஸை முதல்ல கழட்டப்போய் ஸ்பேனரோட மறுமுனை பாடில பட்டா அப்படியே ஷார்ட் ஆகும், ஸ்பேனர் பழுத்துப் போறதை நானே பார்த்திருக்கேன். கையில வளையல், மோதிரம் இருந்தா கழட்டி வச்சிடுங்க. திரும்ப மாட்டும்போது நேர்மாறு, பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. தூக்கும்போது சாய்க்காதீங்க, ஆசிட் வழியும்.

ஆறு மூடியையும் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ஒரு செல், அதாவது தனி அறை, இருக்கும். தீக்குச்சி, மெழுகுவத்தி பக்கத்துலயே கொண்டு போகக் கூடாது. உள்ள இருக்கற ஈயத் தகடு வெளிய தெரிஞ்சா அது முங்கற அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்க. மேல் கோடு வரைக்கும் இப்பவே ஊத்தினா, சார்ஜ் ஏறும்போது பொங்கி வெளிய வரும். மீதியை சார்ஜ் முடிஞ்ச பிறகு ஊத்தலாம். குழாய்த் தண்ணியும் ஆசிடும் ஊத்தவே கூடாது. பார்த்து முடிச்சதும் மூடியைப் போட்டுடுங்க. மூடியில ஒரு பொடித் துளை இருக்கும், அழுக்கு அடைச்சிருந்தா துடைச்சு விடுங்க.

இப்ப சார்ஜர். சுவிட்ச் 12ல, இன்னொண்ணு லோல. பிளக் சுவரில் மாட்டாம இருக்கும்போதே சிவப்பு கிளிப் பிளஸ்ல, கருப்பு மைனஸ்ல. கிளிப்பை அசைச்சுப் பாருங்க, ஆடக் கூடாது. அதுக்கப்புறம்தான் சுவரில் சுவிட்ச் போடணும். எடுக்கும்போது சுவர் சுவிட்சை முதல்ல அணைங்க, பிறகு கிளிப். இந்த வரிசையை மட்டும் மாத்திடாதீங்க. எங்க கடையில நான் சேர்ந்த புதுசுல, சார்ஜ் ஓடிட்டிருக்கும்போதே ஒரு பையன் கிளிப்பைப் பிடுங்கிட்டான். பொறி பறந்துது. டப்னு ஒரு சத்தம், பேட்டரி மேல்மூடி கூரை ஓட்டுல போய் அடிச்சுது. ஆசிட் அவன் முகத்துல. தொட்டித் தண்ணில 20 நிமிஷம் கண்ணைக் கழுவ வச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். பார்வை தப்பிச்சுது. அவன் அலறினது இன்னைக்கும் எனக்குக் காதுல கேக்குது. அதனால கண்ணாடி போட்டுக்கிட்டு உட்காருங்க, வண்டி ஓட்டறப்ப போடற சாதா கண்ணாடி ஆனாலும் பரவாயில்ல. பக்கத்துல ஒரு வாளி தண்ணி இருக்கட்டும்.

பதில் 2:

இன்வெர்ட்டர் விஷயம் யாரும் சொல்லல, நான் சொல்றேன் அக்கா. ஏ.எச்.ல பத்துல ஒரு பங்கு ஆம்பியர்தான் பேட்டரிக்கு நல்லது. உங்க 35க்கு 3.5. வீட்டு இன்வெர்ட்டர் 150 ஏ.எச். பேட்டரிக்குன்னு செஞ்சது, 10, 15 ஆம்பியர் தள்ளும். சின்னப் பேட்டரி கொதிச்சுத் தகடு வளைஞ்சுடும். என் பைக் பேட்டரியை அப்படித்தான் ஒரே மதியத்துல ஊத வச்சேன்.

பதில் 1 (தொடர்ச்சி):

தம்பி சொன்னது சரி. இந்த இரும்புப் பெட்டி சார்ஜரைப் பத்தி இன்னும் கொஞ்சம். இது நிறுத்தாது, நீங்கதான் நிறுத்தணும். ஆரம்பத்துல முள் 3, 4ல நிக்கும், போகப் போக இறங்கும். ஒரு மணிக்கு ஒரு தடவை பேட்டரி முனையில மல்டிமீட்டர் வைங்க. 14.4 வந்து, முள்ளும் 1 பக்கம் இறங்கிட்டா போதும், அணைச்சிடுங்க. அதுக்கு மேல விட்டா 15, 16னு ஏறித் தண்ணியைத் தின்னும். நடுவுல பேட்டரி பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடுன்னா உடனே நிறுத்தணும். அழுகின முட்டை நாத்தம் வந்தாலும் அப்படியே. காலைல ஆரம்பிச்சா ராத்திரிக்குள்ள முடிஞ்சிடும், நடுவுல அணைச்சுட்டு சாப்பிடப் போயிட்டு வரலாம்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணா. செவ்வாய்க்கிழமை காலைல 8 மணிக்குப் போட்டேன். மூணாவது செல்லுல மட்டும் தகடு வெளிய தெரிஞ்சுது, தண்ணி விட்டேன். அப்பா நாற்காலி போட்டு ஷெட்டுலயே உட்கார்ந்து மணிக்கொரு தடவை ரீடிங்கை டைரில எழுதினார். சாயங்காலம் 6 மணிக்கு 14.4, முள் 1க்குக் கீழ. அணைச்சுட்டு மறுநாள் காலைல பார்த்தா 12.6. டெர்மினல்ல பூத்திருந்த பச்சையைச் சோடா உப்புத் தண்ணில கழுவி, துடைச்சு, வாசலின் தடவி மாட்டினேன். முதல் திருப்புலயே எடுத்துடுச்சு.

ஒரே ஒரு சந்தேகம். இனிமேலும் மாசத்துல ரெண்டு தடவைதான் வண்டி வெளிய போகும். திரும்ப இறங்கிடுமா?

பதில் 1:

இறங்கும். கடிகாரம், லாக், அலாரம்னு நிக்கற வண்டியும் கொஞ்சம் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர்னு வச்சாலே மாசத்துக்கு 21 ஏ.எச். போயிடும், உங்க பேட்டரில பாதிக்கு மேல. வண்டி எடுக்காத நாள்ல மைனஸ் கேபிளைக் கழட்டி வைங்க. 12.4க்குக் கீழ போனா சார்ஜ் போடுங்க, 11.6 வரைக்கும் விடாதீங்க. காலியா கிடந்தா தகட்டுல வெள்ளைப் படிவம் கெட்டியாகி அப்புறம் சார்ஜே பிடிக்காது. மூணாவது செல்லை மட்டும் அடுத்த மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க. திரும்ப அது மட்டும் குறைஞ்சிருந்தா பக்கத்துக் கடைல ஹைட்ரோமீட்டர் (ஆசிடோட அடர்த்தி காட்டற கருவி) வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மத்த செல் 1.260க்கு மேல இருந்து இது மட்டும் 1.200க்குக் கீழ நின்னா, புது பேட்டரிக்குக் காசு எடுத்து வச்சுக்குங்க. அப்பா டைரில எழுதினதை அப்படியே தொடரச் சொல்லுங்க தங்கச்சி.