டாஸ்க் ஆப் நினைவூட்டல் நேரத்துக்கு வரவில்லை, போனை எடுத்தால் மொத்தமாகக் கொட்டுகிறது (அவசரம்)

பரபரப்பு
எல்லோருக்கும் வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பில் கட்டுவது, ஆபீஸ் வேலை, அம்மாவுக்கு இரவு மாத்திரை என்று எல்லாவற்றையும் டாஸ்க் ஆப்பில்தான் போட்டு வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக எதுவும் நேரத்துக்கு அடிப்பதில்லை. 8 மணிக்குப் போட்டது 8:40க்கு வருகிறது. சில சமயம் போனைக் கையில் எடுத்த உடனே நாலைந்து சேர்ந்து டிங் டிங் என்று கொட்டுகிறது. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. சத்தம் முழுசாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ஒற்றைவரி
ரீஸ்டார்ட் செய்தீர்களா?

முல்லை
எந்த ஆப்? ஆண்ட்ராய்டா ஐபோனா? பதிப்பு எண் என்ன? முன்பு சரியாக வந்துகொண்டிருந்ததா? அப்படியென்றால் நடுவில் எதை மாற்றினீர்கள்?

நிரல்நேசன்
எனக்கு இது ஒத்திசைவுக் கோளாறு மாதிரிதான் தெரிகிறது. கம்ப்யூட்டரில் ஒரு செயலியில் எழுதி, அது கூகுள் டாஸ்க்ஸ் வழியாகப் போனுக்கு வருகிற ஏற்பாடு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? கூகுள் டாஸ்க்ஸின் ஏபிஐ (வேறு செயலிகள் அதோடு பேசும் வழி) தேதியை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். மணி, நிமிடத்தை அனுப்பினாலும் அதை விட்டுவிடும். அதன் ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. அந்த வழியாக வரும் வேலைக்கு நாள் இருக்கும், நேரம் இருக்காது. நேரமே இல்லாத வேலை எந்த நேரத்துக்கு அடிக்கும்?

கட்டளைவரி
மாதம் தவறாமல் இதே கேள்வி. மேலே ஒட்டி வைத்திருக்கிற இழையை ஒருவரும் படிப்பதில்லை. சாதனம், பதிப்பு, செய்து பார்த்தவை, இந்த மூன்றும் இல்லாமல் "அவசரம்" என்று தலைப்பு வைத்தால் ஜோசியம்தான் சொல்ல முடியும். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுவது பரிகாரமே தவிரப் பரிசோதனை இல்லை. தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அதையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

பரபரப்பு
ஆண்ட்ராய்டுதான். ஆப் பெயரெல்லாம் முக்கியமா? பிரபலமான ஆப்தான், பெயர் சொன்னால் நல்லது கெட்டது என்று இங்கே சண்டை ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டரில் எதுவும் எழுதுவதில்லை, எல்லாம் போனில்தான். ரீஸ்டார்ட் செய்தேன். பேட்டரி சேவரும் ஆஃப்.

கைப்பிடி
பேட்டரி! நான் சொல்லலாம் என்று வந்தேன். போன் கம்பெனிகள் பேட்டரி நிறைய நேரம் நிற்கிறது என்று காட்டுவதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்பையெல்லாம் அடித்துப் போட்டுவிடுகின்றன. எந்தக் கோளாறு என்றாலும் முதல் சந்தேகம் அதன்மேல்தான் வைக்க வேண்டும்.

முல்லை
பரபரப்பு, பேட்டரி சேவர் என்பது போன் முழுவதுக்குமான முறை. ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக ஒரு பேட்டரி அமைப்பு இருக்கிறது, அது வேறு. இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆப்பைத் திறந்து ஒரு வேலையைத் தொட்டால் அதில் 8 மணி என்று சரியாகக் காட்டுகிறதா? கடிகார ஆப்பில் வைக்கிற சாதாரண அலாரம் நேரத்துக்கு அடிக்கிறதா? போன் சார்ஜரில் செருகியிருக்கும்போது நினைவூட்டல் எப்படி வருகிறது?

பரபரப்பு
நேரம் சரியாகத்தான் காட்டுகிறது. காலை அலாரம் ஒரு நாளும் தவறியதில்லை. சார்ஜர் விஷயம்... நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். ஆமாம்! மதியம் மேஜையில் சார்ஜ் போட்டுவிட்டு வேலை பார்ப்பேன், அந்த நேரத்தில் வருவதெல்லாம் டாண் என்று வருகிறது. இரவு சோபாவில் போட்டு வைத்தால்தான் இந்தக் கூத்து. இதற்கும் சார்ஜருக்கும் என்ன சம்பந்தம்? புது போன்தானே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

நிரல்நேசன்
நேரம் சரியாகக் காட்டுகிறது என்றால் என் ஊகம் அடிபட்டது. ஒத்திசைவு இல்லை.

முல்லை
புது போன்! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பழைய போனிலிருந்து ஆப்பையெல்லாம் அப்படியே மாற்றிக்கொண்டீர்களா? ஆண்ட்ராய்டு எத்தனை?

பரபரப்பு
ஆமாம், வாங்கும்போது பேக்கப்பிலிருந்து எல்லாம் தானாக வந்துவிட்டது. 14 என்று காட்டுகிறது. போன் மாற்றியதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. ஆப் அதேதானே?

முல்லை
ஆப் அதேதான், அனுமதி அதே இல்லை. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு 6.0, அதாவது 2015இலிருந்து, டோஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. போன் சார்ஜரில் இல்லை, திரை அணைந்திருக்கிறது, அசையாமல் கிடக்கிறது என்றால் அது தூங்கப் போய்விடும். ஆப்கள் கேட்கிற வேலைகளை ஒத்திவைத்து, நடுநடுவே விழித்துக்கொள்ளும்போது மொத்தமாகச் செய்யும். நீங்கள் போனை எடுத்தால் தூக்கம் கலைகிறது, காத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. சார்ஜரில் இருந்தால் டோஸ் வராது. உங்கள் சோபா, மேஜை கதை இரண்டுக்கும் இதுதான் விளக்கம்.

டோஸையும் தாண்டிச் சரியான நொடியில் எழுப்ப வேண்டுமானால் ஆப்புக்குத் துல்லிய அலாரம் வைக்கும் அனுமதி வேண்டும். இது ஆண்ட்ராய்டு 12இல் வந்தது. 14இல் கெடுபிடி கூடியது: 13க்கோ அதற்குப் பிறகு வந்ததற்கோ ஏற்றபடி எழுதப்பட்ட ஆப்பைப் புதிதாக நிறுவினால் அந்த அனுமதி இயல்பாகவே மறுக்கப்பட்டிருக்கும். பேக்கப்பிலிருந்து புது போனுக்கு வந்த ஆப்புக்கும் அதே கதைதான். நீங்கள் நீக்கிவிட்டு மறுபடி போட்டதால் எதுவும் மாறாததும் இதனால்தான். கடிகாரம், நாள்காட்டி மாதிரியான ஆப்களுக்கு வேறொரு அனுமதி இருக்கிறது, அது நிறுவும்போதே கிடைத்துவிடும். காலை அலாரம் தவறாததற்குக் காரணம் அது.

அமைப்புகள், ஆப்ஸ், அதற்குள் சிறப்பு அணுகல் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே அலாரமும் நினைவூட்டலும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும் (போனுக்குப் போன் வார்த்தை மாறும்). அதில் உங்கள் ஆப்பை இயக்குங்கள். அப்புறம் ஆப்பை ஒரு முறை திறந்து மூடுங்கள். அனுமதி கிடைத்ததும் பழைய அலாரங்களைத் தானாகத் திரும்ப வைத்துக்கொள்வது ஆப்பின் பொறுப்பு, எல்லா ஆப்பும் அதை ஒழுங்காகச் செய்வதில்லை.

ஆப்பின் தனி பேட்டரி அமைப்பை இன்னும் தொடாதீர்கள். ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும்.

கைப்பிடி
சுற்றி வளைத்துப் பேட்டரி என்றுதானே சொல்கிறீர்கள். அதைத்தான் நானும் சொன்னேன்.

நாள்காட்டிப்பித்தன்
முல்லை சொன்னதிலேயே விடை இருக்கிறது. நாள்காட்டி ஆப்புக்கு அனுமதி தானாகக் கிடைக்கிறது என்றால் எதற்கு டாஸ்க் ஆப்? எல்லா வேலையையும் நாள்காட்டியில் போடுங்கள். நேரம் ஒதுக்காத வேலை நடக்கவே நடக்காது. நான் பல் மருத்துவரிலிருந்து மின்னஞ்சல் பதில் வரை கட்டம் கட்டித்தான் வைக்கிறேன்.

கட்டளைவரி
நிகழ்வு வேறு, பணி வேறு. நாள்காட்டித் தகவலைச் செயலிகள் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் தரம் 1998இல் ஆர்எஃப்சி 2445 என்ற இணையத் தர ஆவணமாக வந்தபோதே இரண்டையும் தனித்தனி வகையாகப் பிரித்துவிட்டார்கள். 2009இல் 5545 வந்தபோதும் அந்தப் பிரிவு அப்படியே இருந்தது. நிகழ்வுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, நேரம் போனால் அது முடிந்த கதை. பணிக்குக் கெடு உண்டு, எத்தனை சதவீதம் முடிந்தது என்று குறிக்க இடம் உண்டு, முடிக்காதவரை அது தலையில் உட்கார்ந்திருக்கும். நாள்காட்டியில் போட்ட "பில் கட்டு" நேற்றைய கட்டத்தில் அழகாகக் கிடக்கும், பில் கட்டாமலே. நான் 15 வருடத்துக்கும் மேலாக வெறும் உரைக்கோப்பில் ஆர்க் மோடு (உரைக்கோப்பிலேயே பணிப்பட்டியல் நடத்தும் மென்பொருள்) வைத்து நடத்துகிறேன், எந்த ஆப்பும் தேவைப்பட்டதில்லை.

நாள்காட்டிப்பித்தன்
உங்கள் உரைக்கோப்பு இரவு 8 மணிக்கு அடிக்குமா சார்?

கட்டளைவரி
அடிக்க வைக்கத் தெரிந்தவருக்கு அடிக்கும்.

தாள்பேனா
நான் எதையும் விற்க வரவில்லை, ஒன்றை மட்டும் கேட்கிறேன். அம்மாவின் மாத்திரையை ஏன் பில், ஆபீஸ் வேலையோடு ஒரே குடத்தில் போட்டீர்கள்? பில் நாற்பது நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. மாத்திரையைக் கடிகார அலாரத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் அம்மாவின் போனிலும் ஒன்று வையுங்கள்.

முல்லை
தாள்பேனா சொல்வதை இன்றைக்கே செய்யுங்கள் பரபரப்பு. அனுமதியைச் சரி செய்தாலும் மாத்திரை மட்டும் கடிகாரத்திலேயே இருக்கட்டும். நினைவூட்டல் அறிவிப்பு ஒரு முறை சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும், பட்டியில் இருப்பதே தெரியாது. அலாரம் அப்படி ஒரு சத்தத்தோடு நிற்காது, தொடர்ந்து அடிக்கும்.

நிரல்நேசன்
நாள்காட்டியா பட்டியலா என்ற சண்டையில் ஒன்று விட்டுப்போகிறது. திரும்பத் திரும்ப வரும் வேலையில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பில் மாதா மாதம் 5ஆம் தேதி என்றால் நீங்கள் 9ஆம் தேதி கட்டினாலும் அடுத்தது 5தான். ஆனால் தண்ணீர் வடிகட்டியைக் கழுவுவது அப்படி இல்லை, கடைசியாகக் கழுவிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நாள்காட்டிக்கு இந்த இரண்டாவது வகை தெரியாது, நீங்கள் கழுவினீர்களா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. டுடூயிஸ்ட் என்ற டாஸ்க் ஆப்பில் 'எவ்ரி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும், போடாவிட்டால் பழைய கெடுவிலிருந்து எண்ணும். இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி போட்டுவிட்டு, சிவப்பில் குவிந்து கிடக்கிறதே என்று ஆப்பைத் திட்டுகிறவர்கள் நிறைய.

கட்டளைவரி
ஆர்க் மோடில் வெறும் கூட்டல் குறி போட்டால் பழைய தேதியிலிருந்து, அதற்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் முடித்த நாளிலிருந்து. ஆச்சரியப்பட வேண்டிய அவசியமே இல்லை.

நாள்காட்டிப்பித்தன்
வடிகட்டியை மாதத்தில் முதல் ஞாயிறு கழுவினால் போயிற்று. இதற்கு ஒரு தத்துவமா?

ஒற்றைவரி
இழையைத் தொடங்கியவர் எங்கே?

கைப்பிடி
ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாடு இல்லை என்று வைக்கச் சொல்லித் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்ப்போம்.

முல்லை
ஒவ்வொன்றாக மாற்றட்டும் என்றுதானே சொன்னேன்? பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து ஆப்புக்கு முழு விலக்கு கொடுத்தால் துல்லிய அலாரமும் சேர்ந்தே வேலை செய்துவிடும். பிறகு அந்த அனுமதிதான் காரணமா என்று எப்படித் தெரியும்? அதோடு, ஒரு நினைவூட்டலுக்காக அந்த ஆப் எந்நேரமும் பின்னணியில் ஓட விடுவது தேவையில்லாத செலவு.

கைப்பிடி
வேலை நடந்தால் சரி. காரணம் யாருக்கு வேண்டும்?

முல்லை
அடுத்த தடவை போன் மாற்றும்போது அவருக்கே வேண்டும்.

பரபரப்பு
சரியாகிவிட்டது! நேற்று இரவு சோபாவில்தான் கிடந்தது, 8 மணிக்கு டாண் என்று அடித்தது. அலாரம் அனுமதி, பேட்டரி இரண்டையும் மாற்றிவிட்டேன். மாத்திரையைக் கடிகாரத்துக்கு மாற்றியாயிற்று. முல்லை அக்காவுக்கும் கைப்பிடி அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.

முல்லை
நல்லது. முடிந்தால் பேட்டரியைப் பழையபடி வைத்துவிட்டு ஓர் இரவு பார்த்துச் சொல்லுங்கள். அனுமதி மட்டும் போதுமா என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.

கட்டளைவரி
வரமாட்டார். வேலை முடிந்ததும் யாரும் வருவதில்லை.

புதுவரவு
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஐபோன். அந்த அனுமதி ஐபோனில் எங்கே இருக்கிறது?

முல்லை
ஐபோனில் அப்படி ஒரு அனுமதி கிடையாது, இது வேறு விஷயம். ஃபோகஸ் முறை (அறிவிப்புகளை அடக்கி வைப்பது) ஏதாவது இயங்குகிறதா, அறிவிப்புகளைச் சேர்த்து வைத்துக் குறித்த நேரத்தில் சுருக்கமாகத் தரும் வசதியில் உங்கள் ஆப்பைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் ஐஓஎஸ் 15இல் வந்தவை. அந்தச் சுருக்கத்தில் ஆப் இருந்தால் அறிவிப்பு உடனே வராமல் போக வாய்ப்பு அதிகம். அப்போதும் சரியாகாவிட்டால் தனி இழை தொடங்குங்கள், ஆப் பெயரோடு.