12க்கு 10 ஹாலில் 5.1 செட்: வசனம் புரியவில்லை, பேஸ் மட்டும் இடிக்கிறது

ஈரோட்டு ரசிகன்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 5.1 செட், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கென்று ஒரு சப்வூஃபரும். வாடகை வீடு. ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம், உயரமும் 10 அடி. டிவி 10 அடிச் சுவரில், சோபா எதிர்ச்சுவரை ஒட்டி. முன் ஸ்பீக்கர் இரண்டும் ஷோகேஸின் மேல் தட்டில். வசனம் வரும் நடு ஸ்பீக்கரான சென்டர் டிவிக்குக் கீழே, மூடிய தட்டுக்குள். சுற்றுப்புறச் சத்தம் தரும் சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் சோபாவின் இரு பக்கமும், 10 இன்ச் சப்வூஃபர் சோபா ஓர மூலையில். படம் போட்டால் பேசுவது புரியவில்லை என்று அம்மா வால்யூமைக் கூட்டுகிறார். பாட்டு வந்ததும் பீரோவே அதிர்கிறது. ஹவுஸ் ஓனர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். கடையில் ரிசீவரை, அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வயர்மேன் கோவை:
ரிசீவரைத் தொடாதீர்கள் ப்ரோ. சென்டரை முதலில் அந்தத் தட்டிலிருந்து வெளியே எடுங்கள். பெட்டிக்குள் இருந்தால் குரல் அடைத்துத்தான் கேட்கும். வெளியே வைத்தபிறகும் அதன் முகம் மேசை விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். முன்பக்கம் அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, ட்வீட்டர் (மேல் ஸ்வரம் தரும் சின்ன ஸ்பீக்கர்) காதைப் பார்க்கும்படி சாய்த்து விடுங்கள்.

பழைய கேசட்:
மதுரைப் பக்கம் சின்ன வீடுகளில் செட் மாட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. ஸ்பீக்கரைத் தொடும் முன்பே நகர்த்த வேண்டியது உங்கள் சோபா.

ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி போகும். அதை அறையின் நீளத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால், அறை தானாகவே கூடுதலாக முழங்கும் பேஸ் ஸ்வரம் கிடைக்கும்: 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56. உங்களுக்கு அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56 இரண்டு முறை விழுகிறது. மூலையில் வைத்த சப் இது எல்லாவற்றையும் ஒன்றாகத் தூண்டும். அந்த 47 சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், நீங்கள் தலையை வைத்திருப்பதும் அங்கேதான். அதற்காக அறையின் நடுவுக்கு, அதாவது 6 அடிக்கு, வந்துவிடாதீர்கள். அங்கே அது காணாமல் போய்விடும்.

சோபாவை 2 அடி முன்னால் இழுத்தால் காது பின்சுவரிலிருந்து சுமார் 3 அடியில் இருக்கும். முன் ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ட்வீட்டர் உட்கார்ந்த காதின் உயரத்தில், தரையிலிருந்து மூன்றே கால் அடி போல வரட்டும். இரண்டுக்கும் நடுவே 7 அடி விட்டால் பக்கச்சுவருக்குத் தலா ஒன்றரை அடி கிடைக்கும், சோபாவிலிருந்து டிவியின் நடுவைப் பார்க்கும் நேர்கோட்டிலிருந்து ஒவ்வொன்றின் கோணமும் சுமார் 25 டிகிரி வரும். சினிமா ஒலி முறையை உருவாக்கிய டால்பி நிறுவனம் சொல்வது 22 முதல் 30 வரை.

சரவுண்டுக்கு அதே கோட்டிலிருந்து 110 முதல் 120 டிகிரி, அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். சோபா சுவரை ஒட்டியிருக்கும்வரை அந்த இடமே உங்களுக்குக் கிடையாது. இழுத்துவிட்டால், பக்கச்சுவர் ஓரமாகக் காதுக்கு 2 அடி பின்னால் உயரமான ஸ்டாண்டில் நிறுத்தலாம். காதைவிட ஓரடி, இரண்டடி மேலே இருக்கட்டும். ஆணியே வேண்டாம்.

ஈரோட்டு ரசிகன்:
நன்றி அண்ணா. ஆனால் 2 அடி இழுத்தால் சமையலறைக்குப் போகிற வழி அடைபடும். ஓரடி முடியும். தரை முழுக்க டைல்ஸ், கை தட்டினால் கிணீர் என்கிறது. பவானி ஜமுக்காளம் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் போதுமா?

பழைய கேசட்:
ஓரடியும் லாபம்தான் தம்பி, இழுத்துவிடுங்கள். தலைக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். ஜமுக்காளத்தை நாலாக மடித்து சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே போடுங்கள். ஒற்றையாகப் போட்டால் மேல் ஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் குடிக்கும். பேஸை அது தொடாது. பக்கச்சுவருக்குக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நீங்கள் சோபாவில் இருக்க, ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும். ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அங்கே கனமான திரை தொங்க வேண்டும். ஜன்னல் கம்பியிலேயே கயிறு கட்டலாம்.

வயர்மேன் கோவை:
சப்புக்கு ஒரு வழி. அதைத் தூக்கி சோபாவில் உங்கள் இடத்திலேயே வையுங்கள். பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, முன்சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்து கேளுங்கள். எங்கே ஒவ்வொரு தாள அடியும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கிறதோ, சப் அங்கே போக வேண்டும். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள், அதற்குக் கீழான பேஸ் சப்புக்குப் போகும். சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை (வால்யூம் திருகை அல்ல) கடைசி வரை திருப்பி வையுங்கள். பீரோ கதவு இடுக்கில் ரப்பர் பீடிங் ஒட்டினால் அந்தச் சத்தம் நின்றுவிடும்.

எல்லாம் வைத்து முடித்தபிறகு ரிசீவரின் மைக் வைத்து, அதுவே ஒலியை அளந்து சரிசெய்யும் ஆட்டோ செட்டிங் ஓட்டுங்கள். மைக்கைக் கையில் பிடிக்காமல் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், மின்விசிறியை அணைத்துவிடுங்கள். அப்புறம் சப்பின் ஃபேஸ் சுவிட்சை (சப்பின் ஒலி அலையை மற்ற ஸ்பீக்கரோடு ஒத்துப்போக வைப்பது) 0, 180 இரண்டிலும் மாற்றிப் பாருங்கள். சோபாவிலிருந்து எதில் பேஸ் கூடுதலாக வருகிறதோ அதில் விட்டு, செட்டிங்கை இன்னொரு முறை ஓட்டுங்கள்.