பச்சையாகவே நின்றுவிட்ட படலம்: கொலெஸ்தரிக் தெறிப்பை அகலமாக்க முயன்றவர்களின் அனுபவப் பகிர்வு

கொக்குவிலிலிருந்து:

கொலெஸ்தரிக் படலத்தில் மூலக்கூறுகள் புரிபோல முறுக்கி அடுக்கப்பட்டிருக்கும்; ஒரு முழு முறுக்கின் நீளமான புரியிடைக்கேற்ற நிறத்தையே அது தெறிக்கும். அந்தத் தெறிப்பை எல்லா நிறங்களுக்கும் அகலமாக்குவது எப்படி என்பதே என் கேள்வி. கண்ணாடித் தட்டுகளைப் பிரித்துப் படலத்தை யன்னலோரம் பிடித்தபோது, எல்லா நிறங்களையும் தெறித்து அது வெள்ளித் தகடுபோல மின்னும் என்றே நம்பியிருந்தேன். அதுவோ மரகதப் பச்சையாக, ஒரே நிறமாக நின்றது. 2022 இல் நாளாந்தம் மின்வெட்டு இருந்த காலம் அது. நெமற்றிக் (முறுக்கில்லாத திரவப் பளிங்கு) மொனோஅக்கிரிலேற்று, கைரல் (முறுக்கை உண்டாக்கும்) டைஅக்கிரிலேற்று, கழியூதாவை உறிஞ்சும் சாயம் ஆகிய எல்லாவற்றையும் சரியாகவே நிறுத்துக் கலந்திருந்தேன். மின்சாரம் போவதற்குள் முடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில் படலத்தை இறுக்கும் கழியூதா விளக்கை மட்டும் மிக அருகே இறக்கிவிட்டேன். சில விநாடிகளிலேயே படலம் இறுகிவிட்டது.

தெறிப்புப் பட்டையின் அகலம் இரட்டைமுறிவையும் (இரு திசைகளின் முறிவுச்சுட்டிகளுக்கிடையிலான வேறுபாடு) புரியிடையையும் பெருக்கி வருவது என்பது உங்களுக்குத் தெரியும். இரட்டைமுறிவு 0.15, சராசரி முறிவுச்சுட்டி 1.6 என்று கொண்டால், 550 நனோமீற்றரை நடுவாகக் கொண்ட பட்டை ஏறத்தாழ 52 நனோமீற்றர்தான் வரும். அந்த 52 இற்குள்ளேயே அடைபட்டுப்போன பச்சை இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. படலத்தைச் சரித்தபோது நீலத்துக்கு நகர்ந்ததே தவிர அகலவில்லை.

சாவகச்சேரியிலிருந்து:

விளக்கின் மீது மட்டும் பழியைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். சாயம் ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும். ஆனால் புரியிடையை மாற்றுவது பரவல். விளக்கை நோக்கிய பக்கத்தில் இரண்டு வினைமுனைகள் கொண்ட கைரல் மூலக்கூறு விரைவாகச் செலவழிய, அதை ஈடுசெய்ய மேலும் கைரல் அங்கே நகரும். நெமற்றிக் மறுபக்கம் ஒதுங்கும். அதனால் ஒரு பக்கம் குறுகிய புரியிடையும் மறுபக்கம் நீண்ட புரியிடையும் உண்டாகின்றன. ஆய்வாளர் புறோயரும் அவருடன் பணியாற்றியோரும் 1995 இல் காட்டியது இதைத்தான். உங்கள் படலத்தில் மூலக்கூறுகளுக்கு நகர நேரமே இருக்கவில்லை. விளக்கு அருகில் இருந்தது ஒரு காரணம். அறையின் வெப்பநிலையையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. மாணவர்களுக்காக, நீரில் தானாகவே கொலெஸ்தரிக்காக அமையும் ஐதரொட்சிபுரொப்பைல் செலுலோசை நிறைப்படி 65 வீதமளவில் நீரில் கரைத்து ஒரு தட்டில் வைத்தேன். மறுநாள் காலை, உலர்ந்த ஓரம் நீலமாகவும் ஈரமான நடு சிவப்பாகவும் இருக்க, இடையில் எல்லா நிறங்களும் வளையமிட்டிருந்தன. செறிவு கூடக் கூடப் புரியிடை சுருங்குவதைக் கண்ணால் கண்டேன். அங்கே தட்டின் குறுக்கே நடந்தது உங்கள் படலத்தின் தடிப்பினூடே நடந்திருக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து:

நான் சிவப்பு, பச்சை, நீலப் படலங்கள் மூன்றை ஒன்றன்மேலொன்றாக ஒட்டினேன். ஒவ்வொரு கண்ணுக்கும் எதிரெதிர்த் திசையில் சுழலும் ஒளியை விடும் முப்பரிமாணத் திரைப்படக் கண்ணாடியை அணிந்து பார்த்த மாணவி ஒருத்தி, "சேர், ஒரு கண்ணுக்கு வெள்ளி, மற்றக் கண்ணுக்கு இருட்டு" என்றாள். அந்தக் கணத்தை நான் மறக்கவில்லை.

தம்பி, அகலத்தை மட்டும் துரத்தாதீர்கள். புரியின் கை (இடமா வலமா முறுக்கு என்பது) ஒன்றாக இருக்கும்வரை, முனைவாக்கப்படாத சாதாரண ஒளியில் பாதிதான் திரும்பும். பட்டை எவ்வளவு அகன்றாலும் மற்றப் பாதி கடந்து போய்விடும். எதிர்க்கைப் படலம் ஒன்றைச் சேர்க்கலாம். அல்லது ஒரே கையுடைய இரண்டு படலங்களுக்கு நடுவே, சுழலும் ஒளியின் கையைப் புரட்டும் அரை அலைத் தகடு வைக்கலாம். கிரைசினா ரெஸ்பிளெண்டென்ஸ் என்ற வண்டின் ஓட்டில் இந்த இரண்டாவது அமைப்பே இருப்பதாக 1971 இல் ஆய்வாளர் கேவனி விளக்கினார். ஆனால் அகன்ற பட்டை முழுவதற்கும் அரை அலையாகப் பணிபுரியும் தகடு எளிதில் அமையாது. எனவே எதிர்க்கைப் படலத்தையே முதலில் முயலுங்கள். அடுக்கும்போது இடையில் காற்றுக் குமிழி நின்றால் ஒளி சிதறி வெள்ளி பால்போலாகும். ஒட்சிசன் பல்பகுதியாக்கத்தை, அதாவது படலம் இறுகுவதைத் தடுக்கும், ஆகவே திறந்த படலமாயின் நைதரசன் தேவை. பார்க்கும்போது பின்னால் கறுப்புத் துணி வையுங்கள்.

கொக்குவிலிலிருந்து, மீண்டும்:

ஐயா, நான் கேட்டது அகலத்தைப் பற்றி மட்டுமே. ஆயினும் எழுதியதற்கு நன்றி. சாவகச்சேரி நண்பர் சொன்னது சரிதான், அறையின் வெப்பநிலையை நான் பதியவில்லை. மிச்சமுள்ள கலவையை இருட்டில் வைத்திருக்கிறேன். இம்முறை விளக்கைத் தொலைவில் தூக்கி நிறுத்தி, மெதுவாக நெடுநேரம் ஒளி காட்டிய பின்னரே கடும் ஒளியில் இறுக்கப்போகிறேன்; எந்தப் பக்கம் எதுவெனப் பிறகு குழம்பாதிருக்க, விளக்கை நோக்கும் தட்டில் முதலிலேயே ஒரு கீறல் இட்டுவிட்டேன்.